பொறியியல் வடிவமைப்பு மென்பொருள்களுக்கான இணையவழிப் பயிற்சி

பொறியியல் வடிவமைப்பு மென்பொருள்களுக்கான இணையவழிப் பயிற்சி என்பது, பொறியியல் நிறுவனங்களில் பணிபுரியும் வரைவாளர்கள், பட்டயப் பொறியாளர்கள், பட்டதாரிப் பொறியாளர்கள் ஆகியோருக்குக் கணினிவழி வரைதல், முப்பரிமாண உருவமைப்பு, வலிமைப் பகுப்பாய்வு போன்றவற்றுக்கான மென்பொருள்களை இணையத்தின் ஊடாகக் கற்பிக்கும் முறையாகும். ஆட்டோகேட், காடியா, சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ், கிரியோ ஆகியவை இவ்வாறு கற்பிக்கப்படும் மென்பொருள்களுள் பரவலானவை. சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரத்தையும், அதனைச் சூழ்ந்த குரோம்பேட்டை, பல்லாவரம், திருமுடிவாக்கம், வண்டலூர், மறைமலைநகர், செங்கல்பட்டு ஆகிய பகுதிகளையும் கொண்ட தொழில் வட்டாரத்தில் இப்பயிற்சியின் தேவையையும் வரம்புகளையும் ஒருங்கே காணலாம். பெரிய ஆய்வு மையங்களும், பத்துப் பேர் பணிபுரியும் சிறு பட்டறைகளும், பொறியியல் கல்லூரிகளும் ஒரே தொடருந்துப் பாதையின் இருபுறமும் இங்கே அமைந்துள்ளன.

வரைபலகைக் காலம்

இவ்வட்டாரத்தில் பொறியியல் வரைதலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1949ஆம் ஆண்டு சி. ராஜம் அவர்களால் குரோம்பேட்டையில் நிறுவப்பட்ட மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகம், வானூர்திப் பொறியியல், தானுந்துப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகிய துறைகளை இந்தியாவில் முன்னோடியாகக் கற்பித்த நிறுவனமாகும். இது 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானது. 1950களில் இங்கு வானூர்திப் பொறியியல் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், தாழப்பறந்து தாக்கும் வானூர்தி ஒன்றின் வடிவமைப்பில் ஈடுபட்டிருந்தபோது, பணி மந்தமாக நடப்பதைக் கண்ட இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாட்கள் கெடு விதித்ததையும், உணவையும் மறந்து வரைபலகை முன் அமர்ந்திருந்ததையும் தம் தன்வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். பேராசிரியர் பின்னால் வந்து நின்று, கோடுகளைப் பார்த்தே மாணவன் எங்கே தடுமாறுகிறான் என்று கண்டுகொள்ளக்கூடிய காலம் அது. திரைவழிக் கற்றலில் எளிதில் ஈடுசெய்ய முடியாத அம்சமும் இதுவே.

கணினிவழி வரைதலின் தொடக்கம் 1963இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் நிரலில் அமைகிறது. பிரான்சின் தசோ வானூர்தி நிறுவனம் 1977இல் காடியாவை உருவாக்கத் தொடங்கியது. 1982 இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட், தனிநபர் கணினியிலேயே இயங்கக்கூடியதாக இருந்ததால் சிறு அலுவலகங்களையும் எட்டியது. 1980களின் இறுதியில் புரோ-எஞ்சினியரும், 1995இல் சாலிட்வொர்க்சும் வந்தபோது வரைதலின் தன்மையே மாறியது. அதுவரை கோடுகளை வரைந்தவர்கள், இனி அளவுகளாலும் கட்டுப்பாடுகளாலும் இணைக்கப்பட்ட திண்ம உருவத்தை அமைக்க வேண்டியதாயிற்று. வரைபடம் அவ்வுருவத்திலிருந்து தானாகப் பெறப்படும் ஒன்றாகியது.

இம்மாற்றத்தில் ஒரு தொழிலே மறைந்தது. பென்சில் வரைபடத்தின் மீது ஒளிபுகும் தாளை விரித்து மையால் படியெடுத்த படியெடுப்பாளர்களும், அப்படியை அம்மோனியா நகலாக எடுத்தவர்களும் தேவையற்றவர்களாயினர். அவர்களுள் கணினிக்கு மாறியவர்கள் சிலர். மாற இயலாமல் பண்டகசாலைக்கும் கோப்புப் பிரிவுக்கும் மாற்றப்பட்டவர்கள் பலர். அடுத்தடுத்து மென்பொருள்கள் மாறும்போதெல்லாம் இதே கேள்வி வேறு வடிவில் திரும்பி வருகிறது: கற்றுக்கொள்ள வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

தெற்குப் புறநகரின் தொழில் அமைப்பு

பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இவ்வட்டாரத்தின் பழைய தானுந்துத் தொழிலுக்கு எடுத்துக்காட்டாகும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு வகை மகிழுந்துகளை உருவாக்கிய அத்தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. அந்நிலத்தில் பின்னாளில் தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கப்பட்ட சென்னை ஏற்றுமதிச் செயலாக்க வலயம் பின்னர் சிறப்புப் பொருளாதார வலயமாக மாற்றப்பட்டது. 1990களின் இடைப்பகுதியில் ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகரைத் தேர்ந்தெடுத்தது. அங்கு மகிழுந்து உற்பத்தி 2022இல் நிறுத்தப்பட்டது. செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மகிந்திரா உலக நகரில் ரெனோ-நிசான் தொழில்நுட்ப மையமும், 2012இல் திறக்கப்பட்ட மகிந்திரா ஆய்வுப் பள்ளத்தாக்கும் உள்ளன.

இப்பெருநிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையிலும், பல்லாவரம், மறைமலைநகர் பகுதிகளிலும் நிறைந்துள்ளன. பெருநிறுவனம் முப்பரிமாணக் கோப்பை அனுப்புகிறது. சிறு தொழிற்கூடம் அதைத் திறந்து, அச்சு வடிவமைத்து, எந்திரத்துக்கு நிரல் எழுதியாக வேண்டும். கோப்பைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவரேனும் இல்லாத பட்டறைக்கு வேலைக் கட்டளை வருவது அரிது. ஆகவே மென்பொருள் பயிற்சி என்பது இங்கு ஒரு பட்டறை நிலைப்பதா இல்லையா என்பதோடு தொடர்புடையது.

வகுப்பறைப் பயிற்சி

இணையத்துக்கு முன் இப்பயிற்சி மூன்று வழிகளில் கிடைத்தது. முதலாவது, 1968இல் கிண்டியில் நிறுவப்பட்ட மத்திய நெகிழிப் பொறியியல் நிறுவனம் (சிப்பெட்) போன்ற அரசு அமைப்புகளின் படிப்புகள். இரண்டாவது, 1988இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய கேட் சென்டர் போன்ற தனியார் பயிற்சி நிலையங்கள். மூன்றாவது, மென்பொருள் விற்பனையாளரே நிறுவனத்துக்கு வந்து நடத்தும் சில நாள் வகுப்பு. கடைசி வகையில் ஒரு குறை வெளிப்படையானது. ஐந்து நாட்களில் நூற்றுக்கணக்கான கட்டளைகள் காட்டப்படும். அவற்றுள் அடுத்த மாத வேலைக்குத் தேவைப்படுபவை இருபதுகூட இரா. தேவைப்படும் நாளில் அவ்விருபதும் மறந்திருக்கும். மேலும், உற்பத்தி நெருக்கடி உள்ள நாளில் வடிவமைப்பாளரை வகுப்புக்கு அனுப்ப எந்த மேலாளரும் விரும்புவதில்லை.

மறைமலைநகரில் பணி முடித்து மாலையில் கிண்டி வகுப்புக்குச் சென்று, இரவு செங்கல்பட்டுக்குத் திரும்பும் ஒருவருக்குப் பயணமே மூன்று மணிநேரத்தை எடுத்துக்கொள்ளும். இரவில் வெளியே செல்ல வீட்டில் இசையாத பெண் பொறியாளர்களுக்கும், குழந்தை பிறந்தபின் பணிக்குத் திரும்ப விரும்புவோருக்கும் அவ்வழியே அடைபட்டிருந்தது. இணையவழிப் பயிற்சி இவர்களுக்கு அளித்த வாய்ப்பு, அதன் ஏனைய நன்மைகள் எல்லாவற்றையும்விடப் பெரியது எனலாம்.

இணையவழிப் பாடங்களின் வளர்ச்சி

தொடக்கத்தில் குறுந்தட்டுகளில் வந்த பயிற்சிப் பாடங்களே இதன் முன்னோடி. 2002இல் வெளியான மூடில் போன்ற கட்டற்ற கற்றல் மேலாண்மை மென்பொருள்கள், ஒரு நிறுவனம் தன் சொந்த வழங்கியிலேயே பாடங்களை அமைத்து, யார் எவ்வளவு படித்தார் என்று பதிவு செய்ய வழிவகுத்தன.

இந்தியாவில் 2003இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பம் சார்ந்த கற்றலுக்கான தேசியத் திட்டம் (என்பிடெல்) ஒரு திருப்புமுனையாகும். ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து உருவாக்கிய இத்திட்டத்தில் சென்னைத் தொழில்நுட்பக் கழகம் முதன்மைப் பங்கு வகிக்கிறது. இயந்திரப் பொறியியல், கணினிவழி வடிவமைப்பு, முடிவுறு கூறு முறை எனப் பல பாடங்களின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் காணலாம். 2014 முதல் சான்றிதழ் வழங்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. வாரந்தோறும் ஒப்படைகள் உண்டு. இறுதித் தேர்வை மட்டும் குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் சென்று, கட்டணம் செலுத்தி எழுத வேண்டும். மதிப்பெண்ணில் நான்கில் மூன்று பங்கு அத்தேர்வுக்கு உரியது. வீட்டிலிருந்து எழுதப்படும் தேர்வுகளின் நம்பகத்தன்மை பற்றிய ஐயம் இதனால் பெருமளவு குறைந்தது. 2017இல் நடுவண் அரசின் சுவயம் தளத்துடன் இப்பாடங்கள் இணைந்தன.

என்பிடெல் விரிவுரைகள் மென்பொருளின் பின்னணியிலுள்ள கணிதத்தையும் பொறியியலையும் கற்பிப்பவை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை அல்ல. அந்த இடைவெளியை வேறு வகையில் நிரப்பியது மும்பைத் தொழில்நுட்பக் கழகத்தின் பேச்சுவழிப் பாடத் திட்டம் (ஸ்போக்கன் டுடோரியல்). ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும் சிறு நிகழ்படங்கள் இதன் அடிப்படை. கற்பவர் திரையின் ஒரு பாதியில் நிகழ்படத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் திறந்து வைத்து, நிறுத்தி நிறுத்தித் தாமும் செய்து பார்க்க வேண்டும். சைலாப், பிளெண்டர், ஓப்பன்ஃபோம் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கான இப்பாடங்களில் பல தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. பாய்மப் பகுப்பாய்வைத் தமிழில் கேட்டுக் கற்கலாம் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

2020 மார்ச்சில் நாடு தழுவிய பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது, அதுவரை இணையவழிப் பயிற்சியை ஒரு கூடுதல் வசதியாகக் கருதியிருந்த நிறுவனங்களுக்கு அதுவே ஒரே வழியாயிற்று. மாநில அளவில், 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் நிறுவனங்களின் பாடங்களைக் கொண்டு சேர்க்கிறது. அதே ஆண்டில் டிட்கோ நிறுவனம் தசோ சிஸ்டம்ஸ், சீமென்ஸ் ஆகியவற்றுடன் இணைந்து, தரமணி டைடல் பூங்காவில் டான்காம், டான்சாம் எனும் உயர் உற்பத்தித் தொழில்நுட்ப மையங்களைத் தொடங்கியது. சிறு நிறுவனங்களால் வாங்க இயலாத மென்பொருள்களையும் கருவிகளையும் இவற்றில் பயன்படுத்திப் பயிற்சி பெறலாம்.

செயல்படும் முறை

வடிவமைப்பு மென்பொருளைக் கற்பது நீச்சல் கற்பது போன்றது. பார்த்து மட்டும் வராது. ஆகவே நல்ல இணையவழிப் பாடம் ஒன்றில் நிகழ்படம் சிறு பங்கே. பெரும்பங்கு, கற்பவர் தாமே ஓர் உருப்படியை அமைத்து, கோப்பைத் திருப்பி அனுப்பி, பிழைகளை அறிந்து திருத்துவதாகும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஆசிரியர் ஒருவர் திறந்து பார்ப்பது இயலாது. இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி எளிமையானது: உருப்படியின் நிறையைக் கேட்பது. திண்ம உருவம் சரியாக அமைந்திருந்தால் மென்பொருள் கணக்கிட்டுக் காட்டும் நிறை ஒரே ஓர் எண்ணாகத்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 100 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகடு ஒன்றில் 12 மி.மீ. விட்டமுள்ள இரு துளைகள் ஊடுருவிச் செல்வதாகக் கொள்வோம். எஃகின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம் என எடுத்தால், சரியான விடை 453.2 கிராம். ஒருவருக்கு 462.1 கிராம் வந்தால் அவர் ஒரு துளையை விட்டுவிட்டார். 400.0 கிராம் வந்தால் விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொண்டு பெரிய துளைகளைப் போட்டுவிட்டார். தவறான விடையே தவறு எங்கே என்பதைச் சொல்லிவிடுவதால், கணினி உடனடியாகப் பொருத்தமான குறிப்பைத் தர முடிகிறது. சாலிட்வொர்க்சின் தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்விலும் இவ்வாறே உருப்படியின் நிறையும் புவியீர்ப்பு மையமும் கேட்கப்படுகின்றன.

ஆனால் நிறை சரியாக இருப்பதால் மட்டும் உருவமைப்பு சரி என்று கூறிவிட முடியாது. மேற்கண்ட தகட்டில் துளைகள் இரு முனைகளிலிருந்தும் 15 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் நோக்கம் எனக் கொள்வோம். ஒருவர் இரண்டாவது துளையை வலது முனையிலிருந்து 15 மி.மீ. என்று அளவிடலாம், மற்றொருவர் இடது முனையிலிருந்து 85 மி.மீ. என்று அளவிடலாம். இன்று இரண்டும் ஒன்றே. நாளை வாடிக்கையாளர் தகட்டை 120 மி.மீ. ஆக நீட்டச் சொன்னால், முதலாமவரின் துளை தானாக 105 மி.மீ. இடத்துக்கு நகரும், இரண்டாமவரின் துளை 85இலேயே நின்றுவிடும். நிறை இருவருக்கும் 547.4 கிராம்தான். புவியீர்ப்பு மையம் மட்டும் முதலாமவருக்கு இடது முனையிலிருந்து 60 மி.மீ. எனவும், இரண்டாமவருக்கு 60.32 மி.மீ. எனவும் வரும். எனவே திறமையாக அமைக்கப்பட்ட பாடங்கள், உருப்படியை அமைக்கச் சொல்லி ஒருமுறையும், அளவை மாற்றச் சொல்லி மறுமுறையும் கேள்வி கேட்கின்றன. ஒரே ஒருமுறை கேட்டு மதிப்பெண் இடும் பாடங்கள், மறுநாள் மாற்றம் வந்ததும் குலைந்துவிடும் உருவங்களை அமைப்பவர்களையும் தேர்ச்சி பெற்றவர்களாக அறிவித்துவிடும். தொழிற்கூடத்தில் இதன் விலை பெரிது. ஏனெனில் வடிவமைப்பாளரின் வேலையில் பெரும்பகுதி இருப்பதை மாற்றுவதே.

பகுப்பாய்வு மென்பொருள்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. முடிவுறு கூறு முறையில் கணினி எப்போதும் வண்ணமயமான ஒரு படத்தைத் தந்துவிடும். தாங்கிகளைத் தவறாகக் குறித்திருந்தாலும் படம் அழகாகவே இருக்கும். இதைக் கண்டறிய, கைக்கணக்கால் எளிய விட்டம் ஒன்றின் தொய்வைக் கணக்கிட்டு ஒப்பிடும் பழக்கம் வேண்டும். மென்பொருள் நிறுவனங்களின் பாடங்கள் இதற்குப் பெரும்பாலும் இடம் தருவதில்லை. என்பிடெல் போன்ற கல்விசார் பாடங்கள் தருகின்றன. பணியாளர் ஒருவர் இரண்டையும் சேர்த்துக் கற்பதே பயனுள்ளது.

கணினியின் திறனும் ஒரு தடை. பெரிய ஒருங்கமைவுக் கோப்புகளைத் திறக்க விலையுயர்ந்த வரைகலை அட்டை தேவை. வீட்டிலுள்ள மடிக்கணினிகளில் அது இருப்பதில்லை. சில நிறுவனங்கள் அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கச் செய்கின்றன. 2015இல் வெளியான ஆன்ஷேப் போன்ற, உலாவியிலேயே இயங்கும் மென்பொருள்கள் இத்தடையைப் பெரிதும் தளர்த்தின. இணைப்பு அறுந்தால் மட்டும் இரண்டு வழிகளிலும் ஒன்றும் செய்ய இயலாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பர் மிக்சாம் புயலின்போதும் மின்சாரமும் இணைப்பும் இன்றித் தவித்த முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தரநிலைகளில் எழும் குழப்பம்

இணையத்தில் கிடைக்கும் இலவச நிகழ்படங்களுள் கணிசமானவை அமெரிக்கர்களால் அமெரிக்கர்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கு மூன்றாம் கோண வீழ்ப்பு முறை வழக்கில் உள்ளது. இந்தியத் தரநிலைகள் செயலகத்தின் பொறியியல் வரைதல் நெறிநூலான எஸ்பி 46 முதற்கோண வீழ்ப்பைப் பின்பற்றுகிறது. மூன்றாம் கோண முறையில் மேற்தோற்றம் முன்தோற்றத்துக்கு மேலேயும், வலப்பக்கத் தோற்றம் வலது புறத்திலும் இடம்பெறும். முதற்கோணத்தில் மேற்தோற்றம் கீழேயும், வலப்பக்கத் தோற்றம் இடது புறத்திலும் அமையும். இரண்டையும் வேறுபடுத்துவது வரைபடத்தின் மூலையிலுள்ள, வெட்டப்பட்ட கூம்பின் சிறிய குறியீடு ஒன்றே. நிகழ்படத்தைப் பார்த்து மென்பொருளின் அமைப்பை மாற்றாமல் விட்ட பயிற்சியாளர் ஒருவரின் வரைபடம் பட்டறைக்குப் போனால், இடதுபுறம் இருக்க வேண்டிய துளை வலதுபுறம் வந்து, கண்ணாடியில் தெரிவது போன்ற உருப்படி செய்யப்பட்டுவிடும்.

பொறுதிகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அமெரிக்க ஒய்14.5 தரநிலைப்படி, ஒரு தண்டு அதன் மிகப்பெரிய அனுமதிக்கப்பட்ட அளவில் இருக்கும்போது வளைவின்றி நேராக இருந்தாக வேண்டும். பன்னாட்டு ஐஎஸ்ஓ 8015 தரநிலையில், தனியாகக் குறிப்பிடாதவரை, அளவும் நேர்த்தன்மையும் ஒன்றையொன்று சாராதவை. ஒரே வரைபடத்தை ஒருவர் ஏற்கலாம், மற்றவர் தள்ளலாம். ஜப்பானிய, பிரெஞ்சு, அமெரிக்க நிறுவனங்களுக்கு ஒரே வளாகத்திலிருந்து பாகம் அனுப்பும் பகுதியில் இது ஏட்டுச் சிக்கல் அன்று. பொதுவான இணையப் பாடத்தோடு, தம் வாடிக்கையாளரின் தரநிலை பற்றிய உள்ளகப் பாடம் ஒன்றையும் இணைக்காத நிறுவனம் பயிற்சியை அரைகுறையாகவே அளிக்கிறது.

மொழி

மென்பொருள்களின் பட்டிகளும் கட்டளைகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு இயந்திர வரைவாளர் பயிற்சி முடித்து வரும் இளைஞர்கள் பலர் தமிழ்வழிக் கல்வி பெற்றவர்கள். அவர்களுக்குக் கட்டளைச் சொல் தடையாக இருப்பதில்லை. ஃபில்லட், சாம்ஃபர், டிராஃப்ட் என்பன பட்டறைத் தமிழில் என்றோ கலந்துவிட்டவை. தடையாக இருப்பது விளக்கத்தின் ஆங்கிலமே. ஏன் இந்தக் கட்டுப்பாட்டை முதலில் இட வேண்டும், ஏன் அந்த முகத்தை ஆதாரமாகக் கொள்ளக்கூடாது என்னும் காரணங்கள் விரைவான ஆங்கிலப் பேச்சில் நழுவிவிடுகின்றன. எனவே செயலைப் பின்பற்றி, காரணத்தை விட்டுவிடும் கற்றல் நிகழ்கிறது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியபோது கலைச்சொற்கள் பற்றிய விவாதம் எழுந்தது. அளபுரு, வீழ்ப்பு, பொறுதி, தகைவு, திரிபு போன்ற சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றுள்ளன. கட்டளைப் பெயர்களை ஆங்கில ஒலிப்பிலும், கருத்துகளைத் தமிழிலும் கூறும் கலப்பு முறையே தமிழ் நிகழ்படங்களில் நடைமுறையில் உள்ளது. தூய தமிழ் விரும்பிகளுக்கு இது உவப்பானதன்று எனினும், திரையில் தெரியும் சொல்லை ஆசிரியர் வேறு பெயரால் அழைத்தால் கற்பவர் தேடித் திகைப்பார் என்பதையும் கருத வேண்டும்.

உரிமமும் சட்டமும்

பயிற்சி இலவசமாகக் கிடைக்கலாம், மென்பொருள் இலவசமன்று. 2016இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. ஒருமுறை வாங்கிப் பத்தாண்டுகள் பயன்படுத்தும் வழக்கமுடைய சிறு பட்டறைகளுக்கு இது ஆண்டுதோறும் வரும் செலவாயிற்று. மாணவர்களுக்கு வழங்கப்படும் இலவச உரிமம் கற்றலுக்கு மட்டுமே உரியது. முன்பு ஆட்டோகேட் மாணவர் பதிப்பில் வரைந்த படத்தை அச்சிட்டால், அது கல்விப் பதிப்பில் உருவானது என்ற வரி ஓரத்தில் விழும். அப்படத்தின் ஒரு பகுதியை நிறுவனத்தின் படத்தில் ஒட்டினால் அவ்வரி அதற்கும் தொற்றிக்கொள்ளும். வீட்டில் பயிற்சிக்காக வரைந்ததை ஆர்வத்தோடு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவ்வாறு சங்கடப்பட்டதுண்டு.

உரிமமற்ற படிகளில் பழகுவது பரவலாக இருப்பினும் சட்டப்படி அது குற்றமாகும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவு, உரிமை மீறிய கணினி நிரல் என்று அறிந்தே பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமளிக்கிறது. பயிற்சி பெறச் சொல்லிவிட்டு அதற்கான உரிமத்தைத் தராத நிறுவனம், தன் பணியாளரை அறிந்தோ அறியாமலோ இக்குற்றத்தின் அருகே தள்ளுகிறது.

சான்றிதழும் நேரமும்

பயிற்சியின் பயனை மதிப்பிட, 1959இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் முன்வைத்த நான்கு படிநிலைகள் பயன்படுத்தப்படுகின்றன. கற்பவருக்குப் பிடித்திருந்ததா, அவர் கற்றுக்கொண்டாரா, வேலையில் அதைப் பயன்படுத்துகிறாரா, நிறுவனத்தின் விளைபயன் மாறியதா என்பன அவை. கற்றல் மேலாண்மைத் தளங்கள் முதல் இரண்டை எளிதில் அளந்துவிடுகின்றன. நிகழ்படம் இறுதிவரை ஓடியதா என்பதை அவற்றால் கூற இயலும். அது ஓடியபோது எதிரில் ஆள் இருந்தாரா என்பதைக் கூற இயலாது. மூன்றாவது படிநிலையை அறிய, மூன்று மாதம் கழித்து அப்பணியாளரின் வரைபடங்களில் எத்தனை திருத்தத்துக்குத் திரும்பின என்று எண்ணிப் பார்க்க வேண்டும். செலவில்லாத இவ்வேலையைச் செய்ய மூத்த வரைவாளர் ஒருவர் தேவை.

இங்கேதான் கருத்து வேறுபாடும் எழுகிறது. எந்நேரமும் கற்கலாம் என்பது இணையவழிப் பயிற்சியின் சிறப்பாகக் கூறப்படுகிறது. நடைமுறையில் அது பணிநேரத்துக்குப் பின் கற்பதாகவே முடிகிறது. வகுப்புக்கு அனுப்பிய காலத்தில் அந்நாட்களுக்கு ஊதியம் உண்டு. வீட்டில் இரவு பத்து மணிக்குப் பார்க்கும் பாடத்துக்கு இல்லை. இளம் பொறியாளர்கள் இதை வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான முதலீடாகக் கருதி ஏற்கின்றனர். ஐம்பது வயதை நெருங்கும் வரைவாளர், பெற்றோரையும் பிள்ளைகளையும் கவனித்தபின் திரை முன் அமர்வது எளிதன்று. ஆனால் எந்த அச்சு எங்கே சிக்கும், எந்தச் சுவர் வார்ப்பில் சுருங்கும் என்பதை அறிந்தவர் அவரே. மென்பொருள் அறிந்த இளைஞரையும் பட்டறை அறிந்த மூத்தவரையும் ஒரே திரை முன் இரட்டையராக அமர்த்தி, வாரத்தில் சில மணிநேரம் பணிநேரத்திலேயே கற்கச் செய்வது இதற்குக் கூறப்படும் தீர்வுகளுள் ஒன்று. பேச்சுவழிப் பாடங்கள் போன்ற நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வடிவம் இதற்கு நன்கு பொருந்துகிறது.

கட்டற்ற மாற்றுகள்

2002 முதல் உருவாக்கப்பட்டுவரும் ஃப்ரீகேட், உரிமக் கட்டணமில்லாத முப்பரிமாண உருவமைப்பு மென்பொருளாகும். உருவின் ஒரு பகுதியை மாற்றும்போது முகங்களின் உட்பெயர்கள் மாறிப் பிற பகுதிகள் குலைந்துபோகும் குறை அதில் நெடுங்காலம் இருந்தது. 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பில் அது பெருமளவு சீர்செய்யப்பட்டது. பெருநிறுவனங்கள் தம் உதிரிபாகம் செய்வோரிடம் குறிப்பிட்ட மென்பொருளின் கோப்பையே கேட்பதால் சிறு பட்டறைகள் இதற்கு முழுமையாக மாற இயலவில்லை. எனினும் ஸ்டெப் எனப்படும் பொதுக் கோப்பு வடிவம் ஏற்கப்படும் இடங்களிலும், அச்சுகளையும் பிடிப்பான்களையும் தமக்குத் தாமே வடிவமைத்துக்கொள்ளும் வேலைகளிலும் இது பயன்படக்கூடியது. அளபுரு முறையின் அடிப்படைகள் எல்லா மென்பொருள்களிலும் ஒன்றே என்பதால், இதில் பழகியவர் பின்னர் சாலிட்வொர்க்சுக்கோ என்எக்சுக்கோ மாறும்போது பொத்தான்களின் இடங்களையே பெரும்பாலும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.